ஆர்பிஜி கேமில் சுதந்திரம் தேடுபவர்களுக்கு

ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம், நாமே ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடுவது) கேம்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அதுல என்ன வேணும்னாலும் பண்ணலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். டிரெய்லர்களும் இதைச் சொல்லித்தான் விற்கின்றன. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. என்ன வேண்டுமானாலும் செய்ய முடிகிற ஆர்பிஜி சீக்கிரமே சலித்துவிடும். இந்த வகை கேம்கள் ஆளை மாதக்கணக்கில் உட்கார வைப்பதற்குக் காரணம், நம் கதாபாத்திரத்தால் செய்ய முடியாத விஷயங்கள். எது முடியாது என்பது எண்ணாகத் தெரிய வேண்டும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். விட்டதை கேம் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடி வந்த கேம்களில் கிராபிக்ஸ் பழசானாலும் ஆட ஆள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காகிதம், பென்சில், பகடை, நாலு நண்பர்கள். 1981-ல் வந்த அல்டிமா, விசார்ட்ரி, 1986-ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் எல்லாம் அந்தக் காகிதத்தைத் திரைக்குக் கொண்டுபோன முயற்சிகள்தான். காகிதத்தில் இருந்தது ஆறே ஆறு எண்கள்: வலிமை, லாகவம், உடல்திடம், அறிவு, விவேகம், கரிஸ்மா (பேசி ஆளைக் கவரும் திறன்). இந்த ஆறும் இன்று எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-ஐ விட நல்ல கேம் இல்லை. கணக்கை ஒளிக்காமல் காட்டும் கேம் அது.

தொடக்கத்தில் உங்கள் கையில் 27 புள்ளிகள். ஒவ்வொரு திறனும் 8-ல் நிற்கும், 15 வரை ஏற்றலாம். 13 வரை ஒரு படிக்கு ஒரு புள்ளி; 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. ஆக ஒரு திறனை 15 ஆக்க 9 புள்ளி போகும். மூன்றை 15 ஆக்கினால் 27-ம் காலி, மீதி மூன்றும் 8-லேயே கிடக்கும். இதற்கு மேல் ஒரு திறனுக்கு 2, இன்னொன்றுக்கு 1 கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான் உங்கள் சொத்து. பலமான, புத்திசாலியான, நாவன்மை உள்ள, ஓடி ஒளியத் தெரிந்த ஆள் ஒருவரையே உருவாக்க வழி கிடையாது. பலர் முகத்தையும் முடியையும் செதுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை அரை நிமிடத்தில் தாண்டிவிடுகிறார்கள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

புதியவர்கள் இங்கே செய்யும் முதல் தவறு ஒற்றை எண். திறன் எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழுமையாக்கினால் வருவதுதான் பகடையில் கூடும் எண். 14-க்கும் +2, 15-க்கும் +2. அந்த 15-க்காகக் கொடுத்த இரண்டு புள்ளி வீண். அதனால் 16, 16, 14 என்று இரட்டையில் முடிப்பது நல்லது. 17 வைப்பதென்றால், 4-ஆம் லெவலில் ஒரு புள்ளி தரும் ஃபீட் (சில லெவல்களில் கிடைக்கும் சிறப்புத் திறமை) எடுத்து அதை 18 ஆக்கும் திட்டம் முதலிலேயே இருக்க வேண்டும்.

இந்த எண் கதைக்குள் எப்படி நுழைகிறது என்று பாருங்கள். ஒரு காவலாளியைப் பேசி மடக்க இலக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். கரிஸ்மா 16, பேசி இணங்க வைக்கும் பயிற்சியும் இருக்கிறது என்றால் 3-ம் 2-ம் சேர்ந்து +5. இருபது பக்கப் பகடையில் 10 விழுந்தால் போதும். வாய்ப்பு 55 சதவீதம். அதே காவலாளியிடம் கரிஸ்மா 8, பயிற்சி எதுவும் இல்லாத முரட்டு பார்பேரியன் போய் நின்றால் 16 விழ வேண்டும். வாய்ப்பு 25 சதவீதம். கிளெரிக்கின் (கடவுள் அருளால் மந்திரம் போடுபவர்) கைடன்ஸ் மந்திரம் ஒரு நான்கு பக்கப் பகடையைச் சேர்த்துத் தரும், 55 என்பது 67.5 ஆகும். அட்வான்டேஜ் கிடைத்தால் இரண்டு முறை உருட்டி பெரியதை எடுத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய 80 ஆகும். எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் 1 விழுந்தால் தோல்விதான். இந்தத் திரையில் பகடை சுழலும் அந்த இரண்டு விநாடியில் வரும் படபடப்புக்கு நிகராகப் பல கேம்களின் பாஸ் சண்டைகளில்கூட ஒன்று கிடைக்காது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. உரையாடலை யார் தொடங்குகிறாரோ அவருடைய எண்தான் செல்லும். பின்னால் நிற்பவர் நாவன்மையில் புலியாக இருந்தும் பயனில்லை. சில காட்சிகள் நீங்கள் கிளிக் செய்யாமலே, முன்னால் நடந்துபோகிறவரைப் பிடித்துக்கொண்டு தொடங்கிவிடும். புது இடத்துக்குள் நுழையும்போது பேசத் தெரிந்த ஆளைத் தேர்வு செய்து முன்னே விடுங்கள். "டயலாக் எல்லாம் ஃபெயில் ஆகுது" என்ற புலம்பலில் பாதி இதனால் வருவது.

சண்டையிலும் கணக்கு ஒளிவுமறைவாக இல்லை. கிளெரிக் முதல் லெவல் மந்திரத்தால் தண்ணீரை வரவழைத்து எதிரிகளை நனைக்கலாம். நனைந்தவருக்கு மின்னலும் குளிரும் இரண்டு மடங்கு காயம். மின்னலை இறக்கும் கால் லைட்னிங் (Call Lightning) மந்திரம் மூன்று பத்துப் பக்கப் பகடை, சராசரி 16.5, நனைந்தவர் மேல் விழுந்தால் 33. இதைக் கண்டுபிடித்த குஷியில் பலர் செய்வது, எதிரிக்கு நடுவே நிற்கும் தன் ஃபைட்டரையும் சேர்த்து நனைத்து, அவரையே பொசுக்குவது. இன்னொன்று: கால் லைட்னிங்குக்கு மன ஒருமை வேண்டும். ஒரே நேரத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான் நிற்கும். ஏற்கெனவே பிளெஸ் என்ற இன்னொரு மன ஒருமை மந்திரம் போட்டிருந்தால் அது சத்தமில்லாமல் கலைந்துவிடும். அடிபட்டால் உடல்திடத்தை வைத்து ஒரு பகடை உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய காயத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. மந்திரவாதிக்கு உடல்திடம் 14-க்குக் குறையக் கூடாது என்பது இதனால்தான்.

இனி சர்ச்சைக்குரிய விஷயம். பகடை கவிழ்ந்தவுடன் எஃப்8 அழுத்தி பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு) ஓடுவது. செய்யக் கூடாது என்று நான் யாரையும் தடுக்கப் போவதில்லை, காசு கொடுத்து வாங்கியவர் இஷ்டம். ஆனால் கேமை எழுதியவர்கள் தோல்விக்கும் காட்சி எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நாம் படிக்காமலே எரிக்கிறோம். 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம் இதை இன்னும் தைரியமாகச் செய்தது. அதில் தனியாகச் சண்டை முறையே இல்லை. நான்கு குணங்கள், மொத்தம் 12 புள்ளி, அவற்றிலிருந்து பிரியும் 24 திறன்கள், இரண்டு ஆறு பக்கப் பகடைகள். வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஒரு படி ஏற்றிவிட்டு மறுபடி முயலலாம். சிவப்புச் சோதனை ஒரே முறை. உடம்புக்கு 1 மட்டும் வைத்துவிட்டு மூளையில் எல்லாவற்றையும் கொட்டியவர், முதல் அறையில் மின்விசிறியில் சுற்றும் தன் கழுத்து டையை எடுக்கப் போய் மாரடைப்பில் செத்துப்போக வாய்ப்பு உண்டு. கேம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது! நீ வைத்த 1-க்கு அர்த்தம் இதுதான் என்று இவ்வளவு நேராகச் சொன்ன கேம் வேறு இல்லை.

சேவுக்கு ஓடும் பழக்கத்தை மடக்க இன்னொரு வழியைப் போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2015-ல் தி விட்சர் 3-ல் பிடித்தது. விளைவைத் தள்ளிப்போடுவது. சதுப்பு நிலத்தில் ஒரு மரத்துக்கு அடியில் அடைபட்ட ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று கேட்கும். விடுவித்தால் சில குழந்தைகள் பிழைக்கும், பக்கத்து ஊர் அழியும். கொன்றால் ஊர் தப்பும், குழந்தைகள் தப்பாது. அதோடு முடியவில்லை. அதே தேர்வு, நீங்கள் வேறு க்வெஸ்ட் (பணி) என்று நினைத்துக்கொண்டிருக்கும், பேரன் (Baron) என்று அழைக்கப்படும் பிரபுவின் குடும்பத்தின் தலையெழுத்தையும் மாற்றும். அது தெரியவரும்போது உங்கள் பழைய சேவ் பல மணி நேரம் பின்னால் இருக்கும். திரும்பிப் போக மனசு வராது. நல்லவன் கெட்டவன் என்று மீட்டர் வைத்து நீலத்திலும் சிவப்பிலும் புள்ளி கொடுக்கும் கேம்கள் இதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. மீட்டர் வந்தவுடன் ஆடுபவர் கதையை விட்டுவிட்டு மீட்டரை நிரப்பத் தொடங்கிவிடுவார்.

வளர்ச்சி என்ற சமாச்சாரத்துக்கு வருவோம். லெவல் ஏறுவது பிடிக்காத ஆர்பிஜி ரசிகர் கிடையாது. ஆனால் ஏறியது ஆடுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 2006-ல் வந்த ஆப்லிவியன் இதில் சறுக்கியது. நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். முக்கியத் திறன்கள் என்று நீங்கள் குறித்தவை மொத்தமாகப் பத்து முறை உயர்ந்தால் ஒரு லெவல். ஓட்டத்தையும் குதிப்பதையும் முக்கியத் திறனாகக் குறித்தவர், சும்மா ஊரைச் சுற்றினாலே லெவல் ஏறிவிடும். வாள் கை மட்டும் அப்படியே இருக்கும். எதிரியோ புது லெவலுக்கு ஏற்ற கவசத்தோடு வருவான். வளர்ந்ததால் பலவீனமான விநோதம் இது. நூறு காசு கேட்டு வழிமறிக்கும் திருடன், மாளிகை விலைக்கு விற்கும் கவசத்தைப் போட்டுக்கொண்டு நிற்கும் காட்சியை ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதற்கு நேரெதிர் ஜெர்மனியின் பிரானா பைட்ஸ் 2001-ல் வெளியிட்ட காதிக். எதிரி உங்களுக்காக வளரவும் மாட்டான், குறையவும் மாட்டான். காட்டு ஓரத்தில் நிற்கும் மிருகம் முதல் நாளும் அதேதான், கடைசி நாளும் அதேதான். லெவலுக்குப் பத்து கற்றல் புள்ளி. அதைச் செலவழிக்க ஆசானைத் தேடிப் போக வேண்டும், பல ஆசான்கள் காசும் கேட்பார்கள். என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன அசைவு. பயிற்சி இல்லாத நாயகன் ஒற்றைக் கை வாளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, விறகு பிளப்பவனைப் போல வீசுவான். முதல் பயிற்சி முடிந்ததும் ஒரு கைக்கு மாறுவான், நிற்கும் நிலையே மாறும், அடிக்கு அடி இடைவெளி குறையும். திரையில் எந்த எண்ணும் ஓட வேண்டியதில்லை. இப்போதைய பெரிய கேம்களின் ஸ்கில் மரங்களில் (கிளை கிளையாகத் திறன்களை வாங்கும் பக்கம்) "காயம் 2 சதவீதம் அதிகம்" என்று வரிசையாகத் தொங்கும் காய்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பறிப்பதும் விடுவதும் ஒன்றுதான்.

எல்டன் ரிங் ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் வந்த இந்த கேமில் உரையாடல் தேர்வு மிகக் குறைவு. ஆனால் எண்ணின் விலை கறாராக இருக்கிறது. சுமக்கும் எடை அளவில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருளுவது மந்தமாகிவிடும், அடியிலிருந்து தப்ப முடியாது. அழகான கவசத்தைக் கழற்ற வேண்டியவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். புதியவர்கள் புள்ளிகளை எல்லாம் தாக்குதலில் போட்டுவிட்டு, உயிரளவைக் கூட்டும் வைகர் (Vigor) திறனை 15-லேயே விட்டுவிடுகிறார்கள், பாதி கேமில் ஒரே அடியில் செத்து, "கேம் நியாயமே இல்லை" என்கிறார்கள். முதலில் வைகர் திறனை 40-க்குக் கொண்டுபோங்கள். அதற்கும் முன்னால் ஆயுதத்தைக் கல் போட்டு மேம்படுத்துங்கள். தொடக்கத்தில் காயத்தைக் கூட்டுவதில் பத்து லெவலை விட அது பெரிய வேலை செய்யும். வழக்கமான ஆயுதம் +25 வரை போகும், சோம்பர் (Somber) என்ற தனி வகைக் கல் கேட்கும் ஆயுதம் +10 வரை.

"அப்படியானால் பில்டை (கதாபாத்திரத்தைக் கட்டிய விதத்தை) மாற்றவே விடக் கூடாதா?" என்று கேட்கலாம். விடலாம். பால்டர்ஸ் கேட் 3-ல் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 காசு கொடுத்தால் வகுப்பு (ஃபைட்டர், கிளெரிக் போன்ற வகை), புள்ளி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டலாம். அது எனக்கு உறுத்தவில்லை. விதி புரியாமல் முதல் மணி நேரத்தில் செய்த கணக்குப் பிழைக்காக எண்பது மணி நேரம் ஒருவரைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை. யாரைக் கொன்றீர்கள், யாருக்கு வாக்குக் கொடுத்தீர்கள் என்பதை விதர்ஸ் மாற்றித் தர மாட்டார், அது போதும்.

அந்த கேமைத் தொடங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிஃபிகல்ட்டியை பேலன்ஸ்டில் வையுங்கள். கார்மிக் டைஸ் என்ற அமைப்பு ஆனாகவே வரும். தொடர்ச்சியான தோல்வியும் வெற்றியும் வராமல் அது பகடையைத் திருத்தும். கணக்கை நம்பி ஆடுகிறவர் அதை ஆஃப் செய்துவிடுங்கள். ஃபைட்டர், பாலடின் போன்றவர்கள் 5-ஆம் லெவலில் ஒரே முறைக்கு இரண்டு அடி பெறுவார்கள், அதற்கு முன் மல்டிகிளாஸ் செய்யாதீர்கள் (லெவல்களை இரண்டு வகுப்புகளுக்குப் பிரிக்காதீர்கள்). ஃபீட்டும் வகுப்பின் லெவலைப் பார்த்துத்தான் வரும்; 12-தான் உச்ச லெவல் என்பதால் 11-ம் 1-மாகப் பிரித்தால் கடைசி ஃபீட் போச்சு. நீண்ட ஓய்வுக்கு மொத்தம் 40 மதிப்புள்ள உணவுப் பொருள் வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூங்காமலே போகாதீர்கள். தோழர்களின் கதை பெரும்பாலும் இரவு முகாமில்தான் திறக்கும். ஆனால் தீப்பிடித்து எரியும் சத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனால் உள்ளே இருப்பவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம் ஒதுக்குங்கள். மூன்றாம் அங்கத்தில் நகரம் வரும்போது பிராசசர் திணறும்.

அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் காதிக்கிலிருந்து தொடங்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே அம்புக்குறியைத் தட்டினால்தான் பொருளை எடுக்கவும் வாளை வீசவும் முடியும். பழக ஒரு மாலை ஆகும். பாதையை விட்டு விலகாதீர்கள். மூன்று முகாம்களில் ஒன்றில்தான் சேர முடியும் என்பதால், சேருவதற்கு முன் மூன்று முகாம்களும் வைக்கும் சோதனைகளில் முடிந்தவற்றைச் செய்து எக்ஸ்பியை (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) வாங்கிக்கொண்டு, பிறகு ஒன்றைப் பிடியுங்கள். சேர்ந்ததும் முதல் வேலையாக அவர்களுடைய கவசத்தை வாங்கிவிடுங்கள்.