எல்ஸ்பெர்க்கை விடுவித்தது உச்ச நீதிமன்றமா?

“பென்டகன் ஆவணங்களைக் கசியவிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் குற்றமற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது” என்ற தகவல் பரவுகிறது. (வியட்நாம் போரில் அமெரிக்காவின் பங்கு பற்றி அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தயாரித்த ரகசிய ஆய்வுதான் பென்டகன் ஆவணங்கள்.) இது தவறு. இரண்டு வழக்குகளை ஒன்றாக்கிவிட்டார்கள்.

1971 ஜூன் 30 அன்று 6-3 என வந்த தீர்ப்பு நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ்களைப் பற்றியது. அவை இந்த ஆவணங்களை அச்சிடுவதை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது, அவ்வளவுதான். ஆவணங்களைக் கொடுத்த எல்ஸ்பெர்க் மீதான குற்ற வழக்கை அது தொடவே இல்லை.

அந்த வழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. உளவுச் சட்டம், திருட்டு எனப் பல பிரிவுகள். அதிகபட்சம் 115 ஆண்டு சிறை. 1973 மே 11 அன்று நீதிபதி பைர்ன் வழக்கையே தள்ளுபடி செய்தார். காரணம், அரசின் அத்துமீறல்: வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தைப் பூட்டுடைத்துத் துழாவியிருந்தார்கள், எல்ஸ்பெர்க்கின் பேச்சை ஒட்டுக்கேட்ட பதிவுகளும் ‘காணவில்லை’. (விசாரணை நடக்கும்போதே அந்த நீதிபதிக்கு எஃப்பிஐ தலைவர் பதவி ஆசை காட்டப்பட்டது தனிக் கூத்து.)

ஆக, ஜூரி தீர்ப்பு சொல்லவே இல்லை. போர்க்காலப் பொய்யை அம்பலப்படுத்தக் கசியவிடுவது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு இவ்வழக்கில் விடை கிடைக்கவில்லை.

‘எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்’ என்பதும் சரியல்ல. ஆவணங்கள் மொத்தம் சுமார் 7,000 பக்கம், 47 தொகுதிகள். சமாதானப் பேச்சு தொடர்பான 4 தொகுதிகளை நாளிதழ்களுக்கு அவர் தரவில்லை.