ஷெனாய் எழுதிய மறுப்பு

கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வரைவு தந்த மகலனோபிஸ் பெயரை மனப்பாடம் செய்தோம். அந்தத் திட்டத்துக்கு மறுப்பு எழுதிய பொருளாதார அறிஞர் பி. ஆர். ஷெனாயைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை இன்னும் மனதில் உறுத்துகிறது.

1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஆலோசனை சொல்ல, அன்றைய நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் தலைமையில் பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று கூடியது. காட்கில், வி. கே. ஆர். வி. ராவ் என்று பெரிய பெயர்கள். எல்லோரும் ஒத்துப்போனார்கள். ஷெனாய் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

அவர் கேட்டது நம் வீட்டுக் கணக்குதான். நாட்டின் சேமிப்பு இவ்வளவுதான் என்றால், அதற்கு மேல் போடும் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? நோட்டு அடித்தால் விலைவாசி ஏறும். ஏறினால் முதலில் அடிபடுவது கூலிக்காரன். அந்நியச் செலாவணி கரையும், அதைப் பிடித்து நிறுத்தக் கட்டுப்பாடு வரும், ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்ற இன்னொன்று வரும். சுதந்திரச் சந்தை பேசுகிறவர்கள் பணக்காரர் பக்கம் என்று சொல்கிறவர்கள் இந்த வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

யாரும் காதில் வாங்கவில்லை. திட்டத்தில் பொதுத்துறைக்கு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதி, அதாவது புதிதாக உருவாக்கும் பணம். 1957இல் செலாவணி நெருக்கடி வந்தது. மழை பொய்த்ததும் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எச்சரித்த மனிதரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே! 1966இல் ரூபாயின் மதிப்பையே குறைக்க வேண்டியதாயிற்று; டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50க்குப் போனது.

ஷெனாய் சொன்ன அந்தக் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை எங்கள் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் இரும்பு வார்க்கும் சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தார். வார்ப்புக்கு உருக்கும் பிக் அயர்னுக்கு கோட்டா, அரசு ஒதுக்கிய அளவுதான் கிடைக்கும். மனு போட்டு மாதக்கணக்கில் அலைவார். ஃபவுண்டரியே நடத்தாத ஆட்கள் கோட்டா வாங்கி வெளியில் கூடுதல் விலைக்கு விற்பார்கள், இவர் அவர்களிடமே போய் வாங்குவார். லைசென்ஸ் கிடைத்தவனுக்கு வியர்க்காமல் லாபம் என்று ஷெனாய் எழுதியதைப் படித்தபோது பெரியப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று திட்டியதும் இதைத்தான்.

ஷெனாய் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. நிலமும் படிப்பும் சாதியால் அடைபட்டுக் கிடந்த நாட்டில், சந்தையைத் திறந்துவிட்டால் மட்டும் போதும் என்று என்னால் நம்ப முடியாது. அரசுப் பள்ளி இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அரசு பள்ளி நடத்துவது வேறு, யார் எத்தனை டன் இரும்பு வாங்கலாம் என்று தீர்மானிப்பது வேறு.

ஷெனாய் 1905இல் பெல்லிக்கோத்து கிராமத்தில் பிறந்தவர், லண்டனில் சுதந்திரச் சந்தைப் பொருளாதார அறிஞர் ஹயெக்கின் உரைகளைக் கேட்டு வளர்ந்தவர், இலங்கையின் நாணயமும் வங்கியும் பற்றி 1941இலேயே புத்தகம் எழுதியவர். 1978இல் இறந்தார். 1991இல் லைசென்ஸ் முறையைப் பெருமளவு கைவிட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மகலனோபிஸின் திட்ட மாடலை நடத்தி முடித்ததும், அடுத்த பீரியடிலேயே அந்த மறுப்புக் குறிப்பையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.