உத்தரவில் ஒரு வரி, பேட்டியில் மூன்று காரணம்

ஒரு பெண்ணுக்கு ஒதுக்கிய வீட்டை ஓர் அதிகாரி ஒரே வரி உத்தரவில் ரத்து செய்தார், அது முறையா என்று கேட்டு எழுதியிருந்தேன். நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அந்த வீட்டு ஒதுக்கீட்டு ரத்து விஷயத்தில் நீங்கள் ஏன் அந்தப் பெண்ணுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?"

நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த வீட்டை அவர் உள்வாடகைக்கு விட்டாரா இல்லையா என்பதும் தெரியாது. விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ரத்து செய்ததும் சரியாகவே இருக்கலாம். என் பேச்சு முடிவைப் பற்றியது இல்லை, முடிவெடுத்த விதத்தைப் பற்றியது என்று மூன்று பதிவுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்காமலே திட்டுகிறார்கள்.

உத்தரவை எத்தனை பேர் படித்தீர்கள்? "நிபந்தனைகள் மீறப்பட்டதால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படுகிறது." மொத்தமே அவ்வளவுதான். எந்த நிபந்தனை, எப்போது மீறினார், யார் போய்ப் பார்த்தார்கள், ஒன்றும் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு நோட்டீஸ் கூட இல்லை. விஷயம் வெளியே வந்து சத்தம் கிளம்பிய பிறகு, அதே அதிகாரி மைக் முன்னால் நின்று மூன்று காரணங்களை அடுக்குகிறார். தன் மேல் என்ன குற்றம் என்பதையே அந்தப் பெண் டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இதைத் தவறு என்று சொல்வதற்கு நான் அவருக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டுமா?

இது நானாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. 1977 மக்களவைத் தேர்தலில் பஞ்சாபின் பெரோஸ்பூர் தொகுதி மறுவாக்குப்பதிவு தொடர்பாக மொகிந்தர் சிங் கில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உத்தரவு போடும்போது என்ன காரணம் எழுதினாயோ அதை வைத்துத்தான் அந்த உத்தரவு நிற்கவோ விழவோ வேண்டும், பிற்பாடு புதுக் காரணம் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கக் கூடாது என்று அந்த வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். உத்தரவு ஒன்றும் நாளாக நாளாகச் சுவை கூடும் பழைய மது இல்லை என்றும் சொன்னார். நீதிமன்றத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் சேர்ப்பதே கூடாது என்றால், பேட்டியில் சேர்ப்பதை என்னவென்று சொல்வது?

"சட்டத்தில் விசாரிக்கணும்னு எங்கே எழுதியிருக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, எழுதாமலும் இருக்கலாம். 1863-ல் தீர்ப்பான ஒரு வழக்கு. லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டை உள்ளாட்சி வாரியம் இடித்துத் தள்ளியது. கட்டத் தொடங்கும் முன் வாரியத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்ற விதியை அவர் மீறினார் என்பது காரணம். இடிக்கிற அதிகாரம் வாரியத்துக்குச் சட்டப்படியே இருந்தது. அவரைக் கேட்டுவிட்டு இடி என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அவர்தான் ஜெயித்தார். சட்டம் சொல்லாமல் விட்ட இடத்திலும் ஒருவரைக் கேட்காமல் அவர் சொத்தில் கை வைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். கூப்பர் வழக்கு என்பார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவ்வளவு தூரம் ஏன், கோவலன் கதை நமக்குத் தெரியாததா? ஒரு பொற்கொல்லன் வந்து சொன்னான், மன்னன் நம்பினான், கொன்று சிலம்பைக் கொண்டுவா என்றான். சிலம்புக்குள் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கண்ணகி வந்த பிறகு பார்த்ததை, கோவலன் உயிரோடு இருக்கும்போதே பார்த்திருக்கலாம். கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

"ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும், எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் வேலை நடக்குமா?" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மை, அழுத்தமும் உண்மை. ஆனால் கேட்பது என்றால் எல்லோருக்கும் நேரில் விசாரணை வைப்பது என்று பொருள் இல்லை. "உங்கள் மேல் இன்ன புகார், ஆதாரம் இது, 15 நாளுக்குள் பதில் கொடுங்கள்" என்று ஒரு கடிதம் போதும். வருகிற பதிலைப் படிக்க வேண்டும். அதை ஏன் ஏற்கவில்லை என்று நாலு வரி எழுத வேண்டும். கட்டடம் இடிந்து விழப்போகிறது, நோய் பரவுகிறது என்றால் முதலில் நடவடிக்கை எடுங்கள், அப்புறம் கேளுங்கள்; அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. இந்த வீட்டில் என்ன தீப்பிடித்துக்கொண்டா இருந்தது?

அடுத்தது மேல்முறையீடு. முதல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே மேல்முறையீட்டுக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "அவர் ரொம்ப நேர்மையானவர்" என்கிறார்கள். இருக்கட்டும். 1966-ல் இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், போட்டியில் இருந்த ஒருவரே உறுப்பினராக இருந்தார். தன் பெயர் வந்தபோது அவர் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் மற்றவர்களின் பெயர்கள் வந்தபோது இருந்தார், தரவரிசை போடும்போதும் இருந்தார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கிரைபக் வழக்கு என்று பெயர். 1969-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அவர் மனசுக்குள் பாரபட்சம் இருந்ததா என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி. நேர்மையானவர் என்றால் முதலில் அவரேதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

"எப்படியும் இதே முடிவுதானே வந்திருக்கும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அது கேட்பதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "தகுதியின்மையால் நிராகரிக்கப்படுகிறது." காரணம் இல்லை. என்ன தகுதி இல்லை என்று கேட்டு எழுதினோம், பதில் இல்லை. அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு என்ன தகுதி இல்லையாம்?" என்று சமையலறையில் நின்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். எங்களிடம் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்போம். அவர் எங்களிடம் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் அலைந்த பிறகு மேல்முறையீட்டில் கோப்பைப் பார்க்க விட்டார்கள். குறிப்பில் பென்சிலால் எழுதியிருந்தது: "இறப்புச் சான்று இணைக்கவில்லை." நான் அங்கேயே கோப்பைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்துக்குப் பின்னால், பின் அடித்தபடியே இருந்தது அப்பாவின் இறப்புச் சான்றிதழ். பின் துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. "சான்று இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் மறுநாளே இன்னொரு நகல் கொடுத்திருப்போம்.

அந்த ஊழியர் கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்றால் அதற்காகவாவது அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். காரணம் எழுதச் சொல்வது சும்மா சடங்குக்காக இல்லை, எழுதப் போனால்தான் பார்க்க வேண்டிவரும்.

ஓய்வூதியம் கிடைத்தது. "முந்தைய உத்தரவு மாற்றியமைக்கப்படுகிறது" என்று கடிதம் வந்தது. அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தவறு அவர் மேல் இல்லை என்று எங்காவது ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி எதுவும் இல்லை.

இதை எழுதினால் "சொந்தக் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுகிறார்" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். வரட்டும். விதிமீறலுக்குத் துணைபோகிறேன் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்காக நான் கேட்பது ஒன்றுதான். மைக்கில் சொன்ன அந்த மூன்று காரணங்களையும் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள். முன்பு கையெழுத்துப் போடாத ஒருவரை அதைப் படிக்க வையுங்கள். அதற்குப் பிறகும் ரத்துதான் என்றால் ரத்து செய்யுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.