சர்வர் ரூமுக்குத் தனி மீட்டர் வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் யுபிஎஸ், ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் தகவல்களைச் சேமித்து இயக்கும் டேட்டா சென்டர் என்றால் எல்லோருக்கும் சிறுசேரியும் அம்பத்தூரும் நவி மும்பையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பாலக்கோட்டிலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும்கூட அதே வேலையைச் செய்யும் அறைகள் இருக்கின்றன. கல்லூரி, மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் என்று எங்கே போனாலும் மாடிப்படிக்குக் கீழேயோ ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்திலோ பத்துக்குப் பத்தில் ஒரு சர்வர் ரூம். உள்ளே சர்வர் எனும் கம்ப்யூட்டர்களை அடுக்கிய ஒரு ரேக், இரண்டு ஸ்பிளிட் ஏசி, ஒரு யுபிஎஸ், வரிசையாக பேட்டரி. ராத்திரி பகல், ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அங்கே யாரைக் கேட்டாலும் தெரியாது. முழு வளாகத்துக்கும் ஒரே மீட்டர், ஒரே பில்.

நான் கேட்பது இதுதான். அரசுப் பணத்தில் ஓடும் ஒவ்வொரு சர்வர் ரூமுக்கும் தனி மீட்டர் வைக்க வேண்டும். அதில் ஓடும் யூனிட்டை மாதாமாதம் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மின்சிக்கனம், பசுமைத் தொழில்நுட்பம் என்று பேச வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு கல்வி நிறுவனத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏசி 18 டிகிரியில் இருக்கிறது. வெளியே மே மாத வெயில் கொளுத்துகிறது, உள்ளே அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் தள்ளும். ரேக்கில் சர்வர் இல்லாத இடைவெளிகளைத் தகடு போட்டு மூடவேண்டும். அங்கே மூடவில்லை. பின்பக்கத்துச் சூடு அந்த இடைவெளி வழியாக அப்படியே முன்பக்கம் வந்து, திரும்பவும் சர்வருக்குள்ளேயே போகிறது. அடுப்பையும் ஃபிரிட்ஜையும் ஒரே அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி ஏசியும் சர்வரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தகடு ஒன்றும் பெரிய செலவு இல்லை.

18 டிகிரி எதற்கு? சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பதுதான் அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரே சொல்லி உலகம் முழுக்கப் பின்பற்றும் பரிந்துரை. 25-க்கு மேல் போனால் சங்கடப்படுவது பேட்டரிதான், அதன் ஆயுள் குறையும். அதனால் பேட்டரியை மட்டும் சின்னத் தடுப்பறைக்கு மாற்றிவிட்டால் சர்வர் பக்கம் தாராளமாக ஏற்றிக்கொள்ளலாம். ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பான பிஇஇ சொல்கிறது. வீட்டு ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதியே இருக்கிறது. ராத்திரி ஏசி போட்டுத் தூங்குகிறவருக்கு 24, இரும்புப் பெட்டிக்கு 18. இது எந்த ஊர் நியாயம்?

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். "அண்ணா, சர்வர் படுத்துச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. பில்லு எவ்ளோ வந்தாலும் என்னை யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். விஷயமே இதில்தான் இருக்கிறது. சர்வர் வாங்குவது ஒரு பிரிவு, ஏசி போடுவது இன்னொரு பிரிவு, பில் கட்டுவது மூன்றாவது பிரிவு. வீணாகும் கரண்ட் இந்த மூன்று பேரில் யார் கணக்கிலும் தெரியாது.

அதே ரேக்கில் ஒரு பழைய சர்வர். அதில் இருந்த மென்பொருளை எப்போதோ வேறு சர்வருக்கு மாற்றிவிட்டார்கள், இதை அணைக்க மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை. சும்மா இருக்கும் சர்வர் சும்மா இருப்பதில்லை. 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட், வருஷத்துக்கு 1,314 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏசிக்கும், யுபிஎஸ்ஸில் வீணாவதற்கும் சேர்த்து இன்னொரு அதே அளவு என்றால் சுமார் 2,600 யூனிட். நம் வீடுகளுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது, வருஷத்துக்கு 600. நாலு வீட்டுக்கு மேல் தரக்கூடிய இலவச மின்சாரத்தை ஒரு வேலையும் செய்யாத ஒரு பெட்டி தின்றுகொண்டிருக்கிறது.

வெளிநாட்டு அரசுகள் இதில் என்ன செய்தன என்று பார்த்தால், எல்லாமே கணக்கெடுப்பில்தான் தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2006 டிசம்பரில் சட்டம் போட்டு, டேட்டா சென்டர்களின் மின்செலவைக் கணக்கிடச் சொன்னார்கள். 2007-ல் வந்த அறிக்கை, 2006-ல் மட்டும் 6,100 கோடி யூனிட், நாட்டின் மின்சாரத்தில் 1.5 சதவீதம் என்றது. அப்புறம்தான் 2009-ல் சர்வருக்கு எனர்ஜி ஸ்டார் என்ற மின்சிக்கன முத்திரை வந்தது. அரசுத் துறைகளில் சிதறிக்கிடந்த சர்வர் ரூம்களை ஒன்றுசேர்க்கும் திட்டமும் 2010-ல் தொடங்கியது. 2000-லிருந்து 2005-க்குள் ஏறக்குறைய 90 சதவீதம் ஏறிய டேட்டா சென்டர் மின்செலவு, 2010-லிருந்து 2014 வரை வெறும் 4 சதவீதம்தான் ஏறியது. இது முழுக்க அரசின் சாதனை என்று சொல்ல முடியாது. பத்து சர்வர் வேலையை ஒரே சர்வரில் ஓட்டும் தொழில்நுட்பமும் பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை வாடகைக்கு விடும் கிளவுடும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் எண் கையில் இருந்ததால்தான் நிலைமை மாறியதும் தெரிந்தது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் 2023-ல் அது 17,600 கோடி யூனிட், 4.4 சதவீதம் என்று ஏறியதும் தெரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறாராகப் போனது. 2020 மார்ச்சிலிருந்து அங்கே விற்கும் சர்வர், சும்மா இருக்கும்போது இவ்வளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது என்று வரம்பு. 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள டேட்டா சென்டர்கள் தங்கள் மின்செலவையும் தண்ணீர் செலவையும் அரசிடம் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

நம்மிடம் அடித்தளம் இல்லாமல் இல்லை. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-லேயே வந்துவிட்டது, பிஇஇ 2002-ல் தொடங்கியது, 2006-ல் ஸ்டார் முத்திரை வந்தது. இன்றைக்கு கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் எந்தக் கடையில் போய் ஃபிரிட்ஜ் கேட்டாலும் "எத்தனை ஸ்டார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஜனங்கள் அவ்வளவு பழகிவிட்டார்கள். நான் வேலை பார்த்த எந்த சர்வர் ரூமிலும் சர்வர் மேல் அப்படி ஒரு ஸ்டிக்கரைப் பார்த்ததில்லை. தமிழ்நாடு 2021-ல் தரவு மையக் கொள்கை வெளியிட்டது, 2022 மத்திய பட்ஜெட் டேட்டா சென்டருக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கொடுத்தது. இரண்டுமே முதலீட்டை வரவழைக்கும் ஏற்பாடுகள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறவர்களிடம் கணக்குக் கேட்கும் பழக்கமும் கூடவே வர வேண்டும்.

அளப்பது என்றதும் எல்லோரும் பியூஇ என்ற எண்ணைக் காட்டுவார்கள். மொத்தமாக உள்ளே வரும் மின்சாரத்தை, சர்வர்களுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுப்பது. 1-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. நல்ல அளவுதான், ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சர்வர்களுக்கு 10 யூனிட், ஏசிக்கும் மற்றதுக்கும் 10 யூனிட் என்றால் மொத்தம் 20, பியூஇ 2. சும்மா ஓடும் பாதி சர்வர்களை அணைத்துவிட்டீர்கள். சர்வர் செலவு 5 ஆகிறது. ஏசியும் யுபிஎஸ்ஸும் அதே வேகத்தில் குறையாது, 8-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13, பியூஇ 2.6. பில் 20-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது, மதிப்பெண்ணோ மோசமாகிவிட்டது! பியூஇ-க்கு மட்டும் பரிசு என்று அறிவித்தால் எவரும் பழைய சர்வரை அணைக்க மாட்டார்கள். அதனால் மொத்த யூனிட்டும் வேண்டும், சர்வருக்குப் போன யூனிட்டும் வேண்டும், அந்த சர்வர் எவ்வளவு நேரம் உருப்படியாக வேலை செய்தது என்பதும் வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். பெரிய மையங்களில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை உண்டு. மின்சாரம் குறையும், பியூஇ அழகாக வரும், தண்ணீர் போய்விடும். நம் இரண்டு மாவட்டத்துக்கும் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாழானதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீரை பம்ப் செய்து மேலே ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். அந்த ஒவ்வொரு குடத்திலும் மின்சாரம் கலந்திருக்கிறது. நாளைக்கு ஓசூர்ப் பக்கம் பெரிய டேட்டா சென்டர் வருவதாக இருந்தால் முதல் கேள்வி, தண்ணீர் எவ்வளவு, எங்கிருந்து என்பதாக இருக்க வேண்டும்.

ஓசூருக்கு ஒரு வரமும் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரும்பாலான ராத்திரிகளில் வெளிக்காற்றே 27 டிகிரிக்குக் கீழேதான். தூசியை வடிகட்டி, ஈரப்பதத்தைக் கவனித்து அந்தக் காற்றையே உள்ளே விட்டால் ஏசி கம்ப்ரசரைப் பல மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். தளிப் பக்கத்துக்குப் பொருந்துவது அரூருக்குப் பொருந்தாது. சென்னையில் உட்கார்ந்து ஒரே டெண்டரை எல்லா ஊருக்கும் அனுப்பினால் இது எப்படித் தெரியும்?

"இத்தனூண்டு ரூம், இதில் என்ன பெரிய மிச்சம்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பில்லைப் பார்த்துத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன, கூகுள் தன் மையங்களின் சராசரி பியூஇ-யை 1.1 அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. கவனிப்பாரில்லாமல் கிடப்பது சின்ன ரூம்கள்தான், அதுவும் மாவட்டம் மாவட்டமாக, தாலுகா தாலுகாவாக.

வரும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். மாவட்டத்தில் அரசு அலுவலகங்கள், அரசுக் கல்லூரிகள், அரசு மருத்துவமனைகளில் உள்ள சர்வர் ரூம்களின் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சப் மீட்டர் வேண்டும். இனி வாங்கும் சர்வருக்கு, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கும் என்பதை டெண்டரிலேயே கேட்க வேண்டும். இந்த மூன்றும்தான் மனுவில் இருக்கும். சர்வர் ரூம் பொறுப்பில் இருக்கும் நண்பர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், உங்கள் அலுவலகத்தின் பெயர் வெளியே வராது.