வயசானா அப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

போன சித்திரையில் ஒரு நாள் காலை. அம்மா அடுப்படியில் நின்றபடி டபராவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எதுக்குடா?" என்று என்னைக் கேட்டார். ஐம்பது வருஷமாக அதில் காபி ஆற்றிக் கொடுத்தவர்.

அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தலை கனமாக இருக்கிறது, குமட்டுகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் சூடு என்று விட்டுவிட்டோம். "74 வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் தலையாட்டினேன். சாயங்காலம், ஒன்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன அப்பா இன்னும் கடையிலிருந்து வரவில்லையே என்று வாசலில் போய் நின்றார். அப்புறம்தான் ஆட்டோ பிடித்தோம்.

ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்புச் சத்து, 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

மறதியே இல்லை. சோடியம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" வலிப்பு வரைக்கும், உயிர் வரைக்கும் போகக்கூடியது.

டியூட்டி டாக்டர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டுக் காரணத்தைப் பிடித்தார். பிரஷருக்கு அம்மா சாப்பிட்ட மாத்திரையில் உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தது. பிரஷர் என்றதுமே அம்மா உப்பை அடியோடு நிறுத்தியிருந்தார். பசி இல்லாததால் கஞ்சியும் டீயும்தான் ஆகாரம். வெயிலுக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, தாகம் இருக்கிறதோ இல்லையோ, செம்பு செம்பாகத் தண்ணீர்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல பழக்கம் போலத்தான் தெரிகிறது. நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுமார் மூன்று லிட்டர். சிறுநீரகம் ஒரு நாளைக்கு வடிகட்டுவதோ ஏறக்குறைய 180 லிட்டர். அதாவது அதே மூன்று லிட்டரைத் தினமும் அறுபது தடவை வெளியே எடுத்து, அலசி, ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக விட்டுவிட்டு மிச்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. எவ்வளவு விட வேண்டும் என்று சொல்வது மூளை. ரத்தத்தின் உப்புச் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் மாறினாலே மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸுக்குத் தெரிந்துவிடும். செறிவு ஏறினால் தாகத்தைக் கிளப்பும், தண்ணீரைப் பிடித்துவை என்று ஒரு ஹார்மோனை அனுப்பும். செறிவு இறங்கினால் அந்த ஹார்மோனை நிறுத்தும், மிச்சத் தண்ணீர் வெளியே போய்விடும்.

வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. மாத்திரை அதை இன்னும் தடுக்கிறது. அதோடு, தண்ணீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உப்பும் புரதத்தின் கழிவான யூரியாவும் வேண்டும். வெறும் கஞ்சியில் அது எங்கே இருக்கிறது? எனவே தண்ணீர் ரத்தத்தில் தங்கி, அங்கிருந்து செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. கை கால் வீங்க இடம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை எங்கே போய் வீங்கும்? டபரா எதற்கு என்று அம்மா கேட்டது அதனால்தான்.

"சீக்கிரம் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று நான் கெஞ்சினேன். முடியாது என்றார். உப்பு குறையக் குறைய மூளை செல்களும் தங்களிடமிருந்த உப்பை வெளியே தள்ளி, வீக்கத்தை ஓரளவு சமாளித்திருக்குமாம். இப்போது சட்டென்று ரத்தத்தில் உப்பை ஏற்றினால் அவை சுருங்கி, நரம்புகளின் உறையே பாழாகுமாம். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் ஏறவிடக் கூடாது என்று சொட்டுச் சொட்டாக இறங்கியது டிரிப். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். அந்த நிதானத்தைப் பார்த்து நான் கோபப்பட்டேன். அது தப்பு.

உடலின் இந்தச் சமநிலைக்கு 1926இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தவர் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர். 'ஹோமியோ' என்றால் 'அதே' அல்ல, 'அதுபோல'. யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார். ஒரே புள்ளியில் அசையாமல் நிற்பது அல்ல உடம்பு. ஒரு எல்லைக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே அளவு தண்ணீர், எல்லாருக்கும் உப்பே விஷம் என்று வரும் ஃபார்வர்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்றுதான். உப்பே வேண்டாம் என்றல்ல.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பெரியவர்களுக்கு உப்பைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயம், ஈரல் பலவீனமானவர்களுக்கு உடம்பில் நீர் தேங்கியும் சோடியம் இறங்கும். அவர்களுக்கு உப்பு கொடுத்தால் ஆபத்து. எது என்று சொல்ல வேண்டியது டாக்டர். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று உளறினால், தடுமாறினால், அன்றைக்கே கூட்டிப்போய் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், அதனால் காத்திருக்கவே வேண்டாம்.

நான்காம் நாள் காலை அம்மா கண் விழித்து, என் சட்டையைப் பார்த்து, "துவைக்கவே இல்லையாடா?" என்றார். வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.