பிள்ளைகளை மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைக்காதீர்கள்

தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்காக நம் சபைகள் நடத்தும் முகாம்களில் கடைசி நாள் இரவு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளையை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, எங்கே கிடந்தாய், உனக்கு என்னென்ன நடந்தது, ஆண்டவர் உன்னை எப்படி மீட்டார் என்று சொல்ல வைப்பார்கள். இது நிற்க வேண்டும். நானும் சபையில் வளர்ந்தவள்தான், சாட்சியின் பெறுமதி எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர் ஒருவர் தானாக எழுந்து சொல்வது வேறு, 11 வயதுப் பையன் சோறு போட்டவர்கள் கேட்டார்களே என்பதற்காகச் சொல்வது வேறு.

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கம் பள்ளி விடுமுறையில் நடக்கும் ஒரு முகாமுக்குத் தொண்டு செய்யப் போய் வருகிறேன். ஒரு காலத்தில் கொழும்பில் கோட்டை ரயில் நிலையத்திலும் புறக்கோட்டை பஸ் நிலையத்திலும் படுத்துக் கிடந்த பிள்ளைகள், இப்போது சிறுவர் இல்லங்களில் இருந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்குப் பாண், பருப்பு, சம்பல் செய்வது, குளிருக்கு வெந்நீர் போட்டு வாளி வாளியாகத் தூக்குவது, பாட்டு, வேதப்பாடம், கிரிக்கெட். வேலை இவ்வளவுதான்.

ஒருவன் பகலெல்லாம் துள்ளித் திரிவான். இரவானால் செருப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுப்பான். இன்னொருவனுக்குத் தூரத்தில் கோச்சிச் சத்தம் கேட்டால் போதும், வேதப்பாடத்தின் நடுவிலேயே "அக்கா, பொடி மெனிக்கே!" என்று அந்த ரயிலின் பெயரைச் சொல்வான். எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் என்னோடு சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது அவனாகவே கொஞ்சம் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன்.

மேடையில் என்ன நடக்கிறது? சபையார் அழுகிறார்கள். யாரோ ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், அன்றிரவே வீடியோ முகநூலில் வருகிறது. நாளைக்கு அந்தப் பிள்ளை வேலை தேடிப் போகும்போதும், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் அந்த வீடியோ இருக்கும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எந்த இடத்தில் சபை அழுகிறது என்பதைப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். இரக்கத்தைக் காசாக்கித்தான் தெருவில் பிழைத்தது அந்தப் பிள்ளை. அதே பிழைப்பைச் சபைக்குள்ளும் பழக்குகிறோமே, இது எந்த நியாயம்?

மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யவீருவின் மகளுக்கு 12 வயது. இறந்துபோன அவளை எழுப்பப் போன இயேசு, வீட்டில் கூடிநின்று அழுதவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார். தாய், தகப்பன், தம்மோடு வந்த மூன்று சீஷர்கள், அவ்வளவு பேர்தான் உள்ளே. அவள் எழுந்து நடந்ததும், இது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இருந்திருக்குமா?

சாட்சி இல்லாவிட்டால் காணிக்கை சேராது என்கிறார்கள். பணம் வேண்டும்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பஸ் வாடகையும் அரிசி பருப்பும் விற்கிற விலை எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். மெத்தைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று சொன்னால் கொடுக்காத அளவுக்கு நம் சனங்கள் கல்நெஞ்சர்கள் இல்லை.

அப்புறம், கொழும்புத் தெருப் பிள்ளைகள் என்று ஏதோ வேற்றூர்ப் பிள்ளைகள் மாதிரிப் பேசுகிறோம். அவர்களில் சிலர் நம் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தரகர் கையில் கொடுத்து, கடைக்கும் வீட்டுக்கும் வேலைக்கு அனுப்பி, அடி தாங்காமல் ஓடிப்போனவர்கள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016இலேயே வந்துவிட்டது. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. சட்டம் வந்தது, தரகர் வருவது நிற்கவில்லை. தோட்டத்தில் அவர் யார், எந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். மேடைக்குக் கீழே அழுகிற நாம் அன்றைக்கு வாயைத் திறந்தால் ஒரு பிள்ளையாவது வீட்டில் நிற்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை.

தொண்டு செய்ய வர விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள். சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும், இந்தப் பிள்ளைகள் ஒரே வசனத்தில் இரண்டையும் பேசுவார்கள். பெரிய சட்டியில் சமைக்கத் தெரிந்தவர்களும், புது இடத்தில் தூக்கம் வராத பிள்ளைகளோடு விழித்திருக்கப் பொறுமை உள்ளவர்களும் வேண்டும். உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், கோபிக்காதீர்கள், விசாரிக்கத்தான் வேண்டும். ஃபோனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் வேண்டாம், அடுத்த வருசமும் வருவீங்களா என்பதுதான் இவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. வர முடியாதவர்கள் சுவெட்டர் அனுப்புங்கள். 8 வயது முதல் 15 வயது வரை போடக்கூடிய அளவுகளில், கிழியாததாக, துவைத்து.