கெட்டிமேளத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம்

மணமேடையில் போட்டோகிராபரும் வீடியோகிராபரும் தோளை இடித்துக்கொண்டு வார்த்தை தடித்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் விவரிக்கவில்லை. அதைவிட, அதன் கீழே நம் தொழில் நண்பர்கள் எழுதியவைதான் என்னை இரண்டு நாட்களாக உறுத்துகின்றன. போட்டோ எடுப்பவர்கள் போட்டோகிராபரின் பக்கமும், வீடியோ எடுப்பவர்கள் வீடியோகிராபரின் பக்கமும் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். முகூர்த்தத்துக்கு முன் இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் போட்டோகிராபர். ஆனாலும் சொல்கிறேன்: மூன்று முடிச்சு விழும் நேரத்தில் விட்டுக்கொடுக்க வசதி உள்ளவர் போட்டோகிராபர்தான். நமக்கு நொடியில் இருநூறில் ஒரு பங்கு போதும்; படம் விழுந்துவிட்டால் குனிந்து விலகிவிடலாம். வீடியோ எடுப்பவருக்கோ மணமகன் தாலியைக் கையில் வாங்கியதிலிருந்து நாத்தனார் கடைசி முடிச்சைப் போடும் வரை அறுபடாத காட்சி வேண்டும். இடையில் ஒரு நொடி நம் முதுகு வந்தால், அந்த முதுகு அந்தக் குடும்பத்தின் திருமணத்தில் என்றைக்கும் இருக்கும். ஃபிளாஷ் விஷயமும் இப்படித்தான். இன்றைய வீடியோ கேமராக்களில் பெரும்பாலானவை ஒளியைப் பதியும் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், ஒரு கணமே மின்னும் நம் ஃபிளாஷ் அவருடைய சட்டகத்தின் பாதியில் வெள்ளைப் பட்டையாக விழுகிறது. அதற்காக ஃபிளாஷே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தச் சில நொடிகளில் வேண்டாம், அப்போது அவருடைய விளக்கை எங்கே வைத்தால் இருவருக்கும் வெளிச்சம் போதும் என்று முன்பே பேசிக்கொள்ளலாம் என்கிறேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த ஞானம் இல்லை. 2001இல் கும்பகோணம் பக்கத்தில் வீடியோவுக்கு லைட் பாயாகத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கைப்பிடியே சுடும் ஹாலஜன் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு முகூர்த்தத்தில் கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியபோது போட்டோ அண்ணனின் ஃபிளாஷ் எரியவில்லை. வீடியோ அண்ணன் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே என் முழங்கையைத் தொட்டு, விளக்கைப் போட்டோ அண்ணனின் கோணத்துக்குத் திருப்பச் சொன்னார். அதனால் தன் காட்சி சற்று இருண்டதை அவர் பொருட்படுத்தவில்லை. பிலிமில் அந்தப் படம் மஞ்சளாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. அவர்கள் இருவரும் வெவ்வேறு ஸ்டுடியோக்காரர்கள், அன்று விடியற்காலையில்தான் மண்டப வாசலில் ஒன்றாகக் காபி குடித்து அறிமுகமானவர்கள்.

நானும் தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல கோணத்துக்காக முன்னே புகுந்துவிட்டேன். பிறகு மணமகனின் அக்கா என்னிடம் வந்து, "நான் போட்ட முடிச்சு வீடியோவில் இல்லையே தம்பி" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இடத்தில் என் நீலச் சட்டைதான் இருந்தது.

பெண் வீட்டார் ஒரு குழுவும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழுவும் அழைத்து வந்தால் யாரிடம் போய்ப் பேசுவது என்று கேட்பீர்கள். நால்வர் இருந்தால் நால்வரிடமும்தான்; ஆள் கூடினால் பேச்சும் கூடத்தான் வேண்டும். விருந்தினர்கள் கைப்பேசியோடு மறைக்கிறார்களே என்பது உண்மை, ஆனால் அவர்கள் இதற்குக் கூலி வாங்கவில்லை. ஐயர் அவசரப்படுத்துகிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவரிடமும் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், பெரும்பாலானவர்கள் தாலியை எடுக்கும் முன் நம்மை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள்.

என்னால் ஏற்கவே முடியாதது, "ஆல்பத்தைத்தான் எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள், வீடியோவை யார் பார்க்கிறார்கள், அவர் ஓரமாக நிற்கட்டும்" என்று ஒரு நண்பர் எழுதிய வரி. என் தந்தை மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய படங்கள் என்னிடம் ஏராளமாக இருக்கின்றன, பலவற்றை நானே எடுத்தேன். அவருடைய குரல் இருப்பது என் தங்கையின் திருமண வீடியோவில் மட்டும்தான். பந்தியில் யாரையோ "இன்னும் கொஞ்சம் ரசம் போட்டுக்குங்க" என்று உபசரிக்கிறார். அதை எடுத்த வீடியோகிராபரின் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அன்று அவரும் எங்கள் போட்டோகிராபரும் கடைசிப் பந்தியில், குழம்பு தீர்ந்த பிறகு, பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் நமக்குள் யார் பெரியவர் என்ற கேள்வி வந்ததில்லை, மேடையில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

அந்த நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் கேட்கிறேன், அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்.